அழைப்பும் உழைப்பும்: பிரெஞ்சுத் தொழிலாளிக் குருமாரின் அனுபவம் பற்றிச் சில குறிப்புகள்

தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கில் ‘தேவ அழைத்தல்’ என்னுந் தொடர் பெரும்பாலும் குருத்துவத்துக்கோ துறவறத்துக்கோ ஒருவர் அழைக்கப்படுதலையே குறிக்கும். வயலில் நாற்று நடுபவரையோ துறைமுகத்தில் மூடை சுமப்பவரையோ அழைக்கப்பட்டவர் எனக் கூறும் வழக்கு அரிது. ஒரு சொல்லின் பொருளெல்லை, அச்சொல்லை வழங்கும் சமூகம் உழைப்பை எவ்வாறு மதிக்கிறது என்பதையுங் காட்டும். அன்றாட உழைப்பில் விசுவாசத்தை வாழ்தல் எவ்வாறு என்ற வினாவை நாம் இங்கிருந்தே தொடங்கலாம்.

இவ்வெல்லையை 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் தகர்த்தார். செருப்புத் தைப்பவரின் வேலையும் வீட்டுப் பணிப்பெண்ணின் வேலையும் துறவியின் செபத்திலும் தாழ்ந்தனவல்ல என்பது அவர் போதனை. அழைப்பு, தொழில் என்னும் இரு பொருளையும் ஒருங்கே தரும் ‘பெறூஃப்’ என்ற ஜேர்மானியச் சொல் லூதரின் வேதாகம மொழிபெயர்ப்பின் வழியே நிலைபெற்றதென மக்ஸ் வெபர் 1904–05இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். ஆயின், அவரவர் தத்தம் நிலையில் நின்று பணியாற்ற வேண்டுமென்பதும் அப்போதனையின் ஒரு கூறாகும். 1525இல் ஜேர்மானிய விவசாயிகள் சுவிசேஷத்தின் பெயராலேயே பண்ணையடிமை நிலையை எதிர்த்துக் கிளர்ந்தபோது லூதர் பிரபுக்களின் பக்கமே நின்றார். உழைப்பைப் புனிதப்படுத்திய கருத்துநிலை, உழைப்பவரை ஆளும் உறவுகளைத் தொடாது விட்டது.

இவ்வுறவுகளை நேர்முகமாகச் சந்திக்கும் வாய்ப்பு நானூறு ஆண்டுகளின் பின்னர் பிரான்சிற் சில கத்தோலிக்கக் குருமாருக்குக் கிட்டியது. தொழிலாளி வர்க்கம் திருச்சபைக்கு முற்றிலும் அந்நியமாகி விட்டதை ஆன்றி கொடென், இவான் டானியேல் என்னும் இரு குருமார் 1943இல் வெளியிட்ட நூலொன்றில் எடுத்துக்காட்டினர். அந்நூலினால் நெகிழ்ந்த பாரிஸ் பேராயர் கர்தினால் சுகார்ட் ‘பாரிஸ் மறைப்பணி’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அதற்கு முன்னரே, 1941இல், டொமினிக்கன் சபையினரான ஜாக் லூ மார்செய் துறைமுகத்திற் கூலியாளாகச் சேர்ந்திருந்தார். 1950களின் தொடக்கத்தில் இத்தகைய தொழிலாளிக் குருமார் ஏறத்தாழ 100 பேர் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் வேலை செய்தனர்.

தொழிலாளரிடம் கடவுளைக் கொண்டு செல்லவே இவர்கள் புறப்பட்டனர். ஆயின், முறைவேலையும் குறைகூலியும் வேலைநீக்க அச்சமும் அவர்களுக்கு வேறொரு பாடத்தைப் புகட்டின. அயலானை நேசித்தல் என்னுங் கட்டளை, ஆலைக்குள்ளே, வேலைநிறுத்தத்தில் தோழருடன் நிற்றலாக உருமாறியது. பலர் தொழிற்சங்கங்களிற் சேர்ந்தனர். சிலர் அவற்றிற் பொறுப்புகளையும் ஏற்றனர். கில்பேர் செஸ்ப்றோனின் 1952ஆம் ஆண்டு நாவலொன்று இவர்களது வாழ்வைப் பரந்த வாசகருலகுக்கு அறிமுகஞ் செய்தது.

றோமாபுரி இதனை ஏற்கவில்லை. உடலுழைப்பு நாளொன்றுக்கு 3 மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, தொழிற்சங்கப் பொறுப்புகள் துறக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனைகளுடன், 1954 மார்ச் 1ஆம் திகதிக்குள் ஆலைகளை விட்டு நீங்குமாறு குருமார் பணிக்கப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் பணிய மறுத்து வேலைத்தலத்திலேயே தங்கினர். 1959இல் தடை முழுமையாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுற்ற 1965இலேயே அது நீங்கியது.

அவ்வாறு மறுத்தவரை விசுவாசத்தைக் கைவிட்டவரெனக் கூறுதல் பொருந்துமா? அவர்களுட் பலர் தமது விசுவாசத்தின் பொருட்டே அங்கு தங்கியதாகக் கருதினர் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். உற்பத்திப் பொருள் மாத்திரமன்றி, உழைக்குஞ் செயலே உழைப்பாளிக்கு அந்நியமாகிறது என்பதை மார்க்ஸ் 1844இல் எழுதிய கையெழுத்துப் படிகளில் விளக்கினார். அந்நியமாக்கப்பட்ட உழைப்பில் மனப்பான்மையை மாற்றுவதால் மாத்திரம் அர்த்தங் காண முடியாதென்பதைக் குருமார் தம் உடலாலேயே அறிந்தனர்.

முற்போக்காளராகிய எமக்கும் இதிலொரு படிப்பினை உண்டு. மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே இடத்தில் அதனை மெய்யான துயரின் வெளிப்பாடாகவும் அத்துயருக்கெதிரான குரலாகவுங் கண்டார். முதலாவதை மாத்திரம் மேற்கோள் காட்டுவோர் அக்குருமாரைப் புரிந்துகொள்ளல் அரிது. எமது நாட்டிலும், 1972இல் கண்டியில் யேசுசபைக் குருவான போல் கஸ்பேர்ஸ் சத்தியோதய நிலையத்தை நிறுவி மலையகத் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக உழைத்தமையை இந்நோக்கிலேயே மதிப்பிடல் வேண்டும்.

1981இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட சுற்றுமடல் மூலதனத்திலும் உழைப்பே முதன்மையானது என வலியுறுத்தியது. கோட்பாட்டளவில் இது முக்கியமான நகர்வே. எனினும், அம்முதன்மையைக் கொழுந்து பறிப்பவரின் நாட்கூலியில் யார், எவ்வாறு நிலைநாட்டுவது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அவ்வினாவை ஏற்குமிடத்தில் விசுவாசியும் மார்க்சியவாதியும் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கலாம்.