முகநூல் நண்பர் இன்னும் வாடிக்கையாளர் அல்லர்

மொன்றியலின் மேற்கே இல்-பிசார் தீவில் 1959 முதல் இருக்கிறது ரோயல் மொன்றியல் கோல்ஃப் கிளப். 1873-இல் தொடங்கிய அது வட அமெரிக்காவிலேயே மிகப் பழைய கோல்ஃப் கழகம். 2024 செப்டம்பரில் பிரெசிடென்ட்ஸ் கோப்பைப் போட்டியும் அங்கேதான் நடந்தது. வசதி படைத்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்து, நம்பி, தொழில் பேசுவதற்கு இத்தகைய இடங்கள் காலங்காலமாக உதவியிருக்கின்றன. புலம்பெயர்ந்து வந்த நம்மவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த வாசல் திறந்ததில்லை. தீவின் பாலத்துக்கு இக்கரையில், டொலார்-டே-ஓர்மோ திருமுருகன் கோயில் வீதியில் கண்ட முகமும் கலியாண வீட்டில் வாங்கிய தொலைபேசி இலக்கமுமே நமக்கு முதல். இன்று அந்த உறவை வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் வளர்க்கிறோம். கேக் செய்பவர், சேலை வரவழைத்து விற்பவர், வீடு திருத்துபவர் என்று கையில் காசில்லாமல் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இது பெரிய வரம். அவர்கள் சட்டம் தெரியாமல் அடிபடக்கூடாது என்பதே என் கவலை.

சட்டம் முதலில் கேட்பது, செய்தியைப் பெறுபவர் சம்மதித்தாரா என்பதைத்தான். கனடாவின் வேண்டாத மின்செய்திகளுக்கு எதிரான சட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. மின்னஞ்சல் மட்டுமல்ல, ஒருவருடைய கணக்குக்கு நேரே அனுப்பும் வியாபாரச் செய்தி எல்லாமே இதற்குள் வரும். உங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி இடும் பதிவு வராது. முகநூலில் நண்பராக இருப்பதும் பதிவுக்கு விருப்பக்குறி இட்டதும் சம்மதம் ஆகிவிடாது. உங்களிடம் பொருள் வாங்கியவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை எழுதலாம். விலை விசாரித்தவர் என்றால் ஆறு மாதம். ஒரு நிறுவனம் தன் தொழில் முகவரியைத் தானே வெளியிட்டு, விளம்பரம் வேண்டாம் என்று சொல்லாமலும் இருந்தால், அந்தத் தொழிலோடு தொடர்புள்ள செய்தியை அனுப்பலாம். எதை அனுப்பினாலும் நீங்கள் யார் என்பதும், இனி வேண்டாம் என்று சொல்லும் வழியும் அதில் இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் 10 வேலைநாட்களுக்குள் நிறுத்திவிட வேண்டும். தண்டத்தின் உச்சவரம்பு தனிநபருக்கு 10 லட்சம் டொலர், நிறுவனத்துக்கு ஒரு கோடி.

இது ஏட்டளவில் நின்ற சட்டம் அன்று. முதலில் சிக்கிய நிறுவனங்களில் ஒன்று கியூபெக்கின் மோரின்-ஹைட்ஸ் ஊரில் இருந்த கொம்பியு-ஃபைண்டர். தொழில்முறைப் பயிற்சி வகுப்புகள் பற்றி, கேட்காதவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பியது அந்த நிறுவனம். 2015-இல் 11 லட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2017-இல் அது 2 லட்சமாகக் குறைந்தது. முகவரிகள் இணையத்தில் வெளிப்படையாகத்தானே இருந்தன என்ற வாதம் அதைக் காப்பாற்றவில்லை.

வட்ஸ்அப் குழுவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வாடிக்கையாளர் இருநூறு பேரைக் கேட்காமல் ஒரு குழுவில் சேர்த்தால், ஒவ்வொருவருடைய இலக்கமும் மற்ற எல்லோர் கைக்கும் போய்விடுகிறது. அதில் ஒரு பெண்ணுக்கு இரவில் யாரோ தொல்லை கொடுத்தால் அந்த வழியைத் திறந்துவிட்டது நீங்கள்தான். தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் கியூபெக்கின் 25-ஆம் சட்டம் 2022 முதல் 2024 வரை ஒவ்வொரு செப்டம்பரிலும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமல்ல, தனியாள் கடைக்கும் பொருந்தும். தகவலைக் காக்கும் பொறுப்பாளராக வேறொருவரை நீங்கள் நியமிக்காவிட்டால் நீங்களே பொறுப்பாளர். குழுவுக்குப் பதில் புரோட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்துங்கள். அதில் ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது.

படங்களும் அப்படித்தான். மொன்றியலின் சென்-கத்ரின் வீதியில் ஒரு கட்டடப் படியில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணைக் கேட்காமல் எடுத்த படம் ஒரு கலை இதழில் வெளியானது. வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1998-இல் நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது, 2,000 டொலர் இழப்பீடும் உறுதியானது. பொது இடத்தில் இருந்தார் என்பதும் படத்தில் கேலி எதுவும் இல்லை என்பதும் சாக்காகவில்லை. நீங்கள் அலங்கரித்த மணப்பெண்ணின் படத்தை இன்ஸ்டகிராமில் இடுமுன் ஒரு வரி எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள்.

மொழியையும் மறக்க வேண்டாம். 2014-இல் செல்சி ஊரின் ஒரு கடைக்கு, அதன் முகநூல் பக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததற்காகக் கியூபெக் பிரெஞ்சு மொழி அலுவலகம் கடிதம் அனுப்பியது. தமிழில் விளம்பரம் செய்யத் தடையில்லை, பிரெஞ்சும் குறைவில்லாமல் உடன் இருக்க வேண்டும் என்பதே விதி.

இனி, ஏமாறாமல் இருப்பது. நம்மவர் தானே, குழுவில் எல்லோருக்கும் தெரிந்தவர் தானே என்று காசைக் கொடுத்துவிட்டு வெட்கத்தால் வாய்திறக்காமல் இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். தெரிந்தவர் என்பது சரிபார்த்தவர் என்று ஆகாது. கியூபெக் நிறுவனப் பதிவேட்டில் எந்த நிறுவனத்தையும் இலவசமாகத் தேடலாம். 2023 முதல் தம் உண்மையான உரிமையாளர் யார் என்பதையும் நிறுவனங்கள் அதில் அறிவிக்க வேண்டும். வீடு திருத்துபவருக்குக் கட்டடத்துறை ஆணையமான ஆர்.பி.கியூ.வின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்-பிசாரில் 2017, 2019 இளவேனில் வெள்ளங்களைப் போல ஊரே ஒரே நேரத்தில் ஆள் தேடும்போதுதான் உரிமம் இல்லாதவருக்கும் வேலை கிடைத்துவிடுகிறது. முதலீடு, காப்புறுதி, அடமானக் கடன் பற்றிப் பேசுகிறவரின் பெயர் நிதிச் சந்தை ஆணையமான ஏ.எம்.எஃப். பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆள் சேர்த்தால் பணம் என்று யாராவது சொன்னால் பதிவேட்டைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, விலகிவிடுங்கள். பிரமிட் விற்பனை கனடாவில் குற்றம்.

முற்பணம் பற்றி விற்பவர், வாங்குபவர் இருவருமே அறியாத விதி ஒன்று உண்டு. நேரில் பார்க்காமல் இணையவழி விற்கும் வணிகர், பொருளைத் தருமுன் நுகர்வோரிடம் பணம் வாங்குவதென்றால், திரும்பப் பெறக்கூடிய வழியில், அதாவது கடன் அட்டை வழியாகத்தான் வாங்கலாம். கேக்குக்கு முழுத்தொகையையும் இன்டராக் வங்கிப் பரிமாற்றத்தில் முன்னதாகவே அனுப்புங்கள் என்று இன்ஸ்டகிராமில் கேட்பது வழக்கமாகிவிட்டது, ஆனால் அது கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண். இன்டராக்கில் போன பணத்தைத் திருப்புவது மிகக் கடினம் என்பதற்காகவே இந்தக் காப்பு.

கடன் அட்டையில் கொடுத்து, சொன்ன தேதி கழிந்து 30 நாளாகியும் பொருள் வராவிட்டால், ஒப்பந்தத்தை ரத்துச் செய்வதாக எழுத்தில் அறிவியுங்கள். வணிகர் 15 நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் அடுத்த 60 நாட்களுக்குள் அட்டை கொடுத்த வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். அதன்பின் திருப்ப வேண்டிய கடமை வங்கியுடையது.

கணக்கைத் திருடி உங்கள் பெயரில் காசு கேட்கிறார்கள் என்றால், முதலில் வேறு வழியில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பிறகு வங்கி, மொன்றியல் பொலிஸ், கனடிய மோசடி எதிர்ப்பு மையம் (1-888-495-8501) மூன்றுக்கும் அறிவியுங்கள். கடன் தகவல் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிலும் உங்கள் கடன் கோப்பை இலவசமாக முடக்கி வைக்கும் உரிமை கியூபெக் மக்களுக்கு உண்டு.

தொழில் செய்யும் இருவருக்குள் வரும் தகராறில் நுகர்வோர் சட்டம் உதவாது. 15,000 டொலர் வரையான தொகைக்குக் கியூபெக் நீதிமன்றத்தின் சிறு உரிமைக்கோரல் பிரிவு இருக்கிறது. அங்கே நீங்களே உங்கள் வழக்கைப் பேசலாம், சட்டத்தரணி தேவையில்லை. முந்தைய 12 மாதங்களில் 10 பேருக்கு மேல் வேலைக்கு வைக்காத நிறுவனமும் அங்கே கோரலாம். ஒப்பந்தக் கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு கால எல்லை. குழுவில் உங்கள் பெயரைக் கெடுத்து ஒருவர் எழுதியிருந்தால் ஓராண்டுதான். வட்ஸ்அப் உரையாடல் சான்றாகும். ஆகவே தகராறு வந்த அன்றே தேதியும் இலக்கமும் தெரியும்படி திரையைப் படம்பிடித்து, குரல்பதிவுகளையும் சேர்த்து, கைபேசிக்கு வெளியே ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். எதிர்த்தரப்பு அழித்தாலும் உங்களிடம் அது இருக்கும்.