கம்பம் பள்ளத்தாக்கில் காணாமல் போகும் வாரப் புத்தகங்கள்: செல்போன் மட்டும்தான் காரணமா?

தேனி:-

செல்போன் வந்துச்சு, வாரப் பத்திரிகை போச்சு. தேனி, கம்பம், போடி பக்கம் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் பதில் இப்படித்தான் வரும். ஆனால் விஷயம் அவ்வளவு சுருக்கம் இல்லை. ஆனந்த விகடன், குமுதம், துக்ளக் எல்லாம் இன்னும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கின்றன. படிக்கிற ஆளும் ஊரில் இருக்கிறார். நடுவில் நின்று புத்தகத்தை கயிற்றில் கிளிப் மாட்டி தொங்கவிட்ட பெட்டிக்கடைதான் ஒவ்வொன்றாக காணாமல் போய்க்கொண்டு இருக்கிறது.

பஸ்சில் வந்த கட்டு

சென்னையில் அச்சாகும் புத்தகம் மதுரைக்கு வரும். அங்கிருந்து ஆண்டிபட்டி கணவாய் தாண்டி தேனி. தேனியில் பிரித்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று கீழே இறங்கும். இன்னொரு கட்டு போடிக்கு போகும். மலை ஏறி குமுளி, பூப்பாறை பக்கம் இருக்கிற தமிழ் தோட்டத் தொழிலாளர்கள் கைக்கும் இங்கிருந்துதான் புத்தகம் போனது.

மதுரை-போடி மீட்டர்கேஜ் ரெயில் அகலப்பாதை வேலைக்காக 2010-ம் ஆண்டு கடைசியில் நிறுத்தப்பட்டது. தேனிக்கு ரெயில் திரும்ப வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் மாதம். அந்த 11 வருஷத்துக்கு மேலான காலமும் எல்லா கட்டும் ரோட்டு வழிதான்.

எந்தக் கிழமை எந்தப் புத்தகம் வரும் என்பது பஸ் நிலையத்து கடைக்காரருக்கு மட்டும் அல்ல, சலூன்காரருக்கும், லாரி செட் கிளார்க்குக்கும், தையல் கடை அக்காவுக்கும் அத்துப்படி. கட்டு வர அரை மணி நேரம் லேட் என்றால் கடை முன்னாடி ஆள் நிற்கும்.

ஒரு புத்தகம், இருபது பேர்

வாங்கினது ஒருத்தர், படித்தது இருபது பேர். சலூனில் கிடந்த புத்தகத்தை அட்டை கிழிந்து, குறுக்கெழுத்துப் போட்டியை யாரோ பேனாவால் நிரப்பி வைத்த பிறகும் ஆட்கள் புரட்டுவார்கள். டீக்கடையில் ஒருத்தர் சத்தமாக படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். வீட்டில் அம்மா படித்து முடித்ததும் எதிர்வீட்டுக்கு போகும். அங்கிருந்து வாடகை நூல் நிலையம். கடைசியில் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் விழுந்து, பொட்டலமாக மறுபடியும் வீட்டுக்கே வரும். பொட்டலம் பிரித்து அதில் இருக்கிற பாதிக் கதையை படித்துவிட்டு, மீதிக் கதை என்ன ஆச்சோ என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இந்த ஊரில் நிறைய.

செல்போன் அப்படி இல்லை. அது ஒரு ஆளுடைய சாமான். பூட்டு போட்டு பையில் வைத்திருப்பார். சலூனில் காத்திருக்கிற ஐந்து பேரும் ஐந்து போனை பார்க்கிறார்கள்.

அணையில் மூழ்கிய ஊரின் கதை

வாரப் பத்திரிகை இந்த மண்ணுக்கு என்ன செய்தது என்று கேட்டால் ஒரு உதாரணம் போதும். வைகை அணை 1959-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்களில் ஒன்று மெட்டூர். கவிஞர் வைரமுத்து பிறந்த ஊர் அது. குடும்பம் அங்கிருந்து வடுகபட்டிக்கு குடிபெயர்ந்தது. ஊரை பறிகொடுத்த ஜனங்களின் பாட்டை அவர் `கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். அந்த நாவலுக்கு 2003-ம் ஆண்டு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

விருது பிறகு வந்தது. அதற்கு முன்னாடியே வாரா வாரம் தங்கள் ஊர் கதை தங்கள் ஊர் பேச்சில் அச்சாகி பஸ் ஏறி வந்ததை ஆண்டிபட்டி, பெரியகுளம் பக்கத்து ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். தொடர்கதை பக்கத்தை மட்டும் கிழித்து, நூல் கோர்த்து, பைண்டிங் போட்டு டிரங்குப் பெட்டியில் வைக்கிற பழக்கம் கல்கியில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வந்த காலத்தில் இருந்தே தமிழ்நாட்டு வீடுகளில் உண்டு.

முதல் அடி போன் அல்ல

புத்தகத்துக்கு மவுசு குறைந்தது போனுக்கு ரொம்ப முன்னாடியே. தினமலரோடு வாரமலர், சிறுவர்மலர் இலவசமாக வந்தன. பேப்பர் வாங்கினால் கதையும் ஜோக்கும் சும்மா கிடைக்கும்போது தனியாக எதற்கு காசு? அடுத்து 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. மெகா சீரியல் ராத்திரி நேரத்தை எடுத்துக்கொண்டது. தொடர்கதை படித்த பெண்கள் தொடர் பார்க்க போய்விட்டார்கள்.

போன் கொடுத்தது கடைசி அடி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது முதல் சில மாதம் நெட் இலவசம். அதற்குப் பிறகும் சல்லிசு. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற பெண்கள் கையில்கூட டச் போன் வந்துவிட்டது. போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடக்கிற ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டரில்தான். அன்றைய விலை சாயந்தரத்துக்குள் வாட்ஸ்-அப்பில் வந்துவிடும். பதினைந்து நாள் கழித்து புத்தகத்தில் வரும் விலையை வைத்துக்கொண்டு வியாபாரி என்ன செய்வார்?

கணக்கு எப்படி உதைக்கிறது?

ஒரு புத்தகத்தின் அட்டையில் போட்டிருக்கும் விலை, அதை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பும் செலவுக்கு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. விளம்பரம்தான் மிச்சத்தை ஈடுகட்டும். ஜவுளிக்கடை, நகைக்கடை, ஹெல்த் டானிக் விளம்பரம் எல்லாம் இப்போது கூகுள், பேஸ்புக், யூடியூப் பக்கம் சாய்ந்துவிட்டன.

விலையில் ஒரு பங்கு ஏஜெண்டுக்கும் கடைக்கும் கமிஷன். விற்காத புத்தகம் `ரிட்டர்ன்'. உதாரணத்துக்கு 10 புத்தகம் போட்டு 4 திரும்பினால், விற்ற 6 புத்தகம்தான் அந்த 4-க்கும் சேர்த்து காகிதச் செலவையும் வண்டி வாடகையையும் சுமக்க வேண்டும். 10-ல் 7 திரும்பினால் கம்பெனி அந்த ஊருக்கு கட்டு அனுப்புவதையே நிறுத்திவிடும். ஒரு கடையில் வாரத்துக்கு நாலு புத்தகம் விற்றால் கிடைக்கிற கமிஷனைவிட, அதே இடத்தில் சிப்ஸ் பாக்கெட் சரம் தொங்கவிட்டால் லாபம் அதிகம். கடைக்காரர் மேல் தப்பு சொல்ல முடியாது.

காகிதம் வேறு தனிக் கதை. நாட்டுக்கு வேண்டிய பத்திரிகை காகிதத்தில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. 2019 ஜூலை பட்ஜெட்டில் இதற்கு 10 சதவீதம் சுங்க வரி போட்டார்கள். பத்திரிகை அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் போடுகிற பளபள காகிதமும் அதில் அடக்கம். 2020 பட்ஜெட்டில் 5 சதவீதமாக குறைத்தார்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கொரோனா. அது முடிந்து 2022-ல் ரஷ்யா-உக்ரைன் சண்டை. காகித விலை எகிறியது.

திருட்டு பி.டி.எப்.

போனில் படிப்பவர் போனில் காசு கட்டினால் பத்திரிகை பிழைத்துக்கொள்ளும். இங்கேதான் பெரிய ஓட்டை. புத்தகம் கடைக்கு வருகிற அன்றைக்கே அதை முழுசாக பி.டி.எப். ஆக்கி வாட்ஸ்-அப், டெலிகிராம் குழுக்களில் விட்டுவிடுகிறார்கள். இந்தி நாளிதழான தைனிக் ஜாக்ரன் இதை எதிர்த்து டெல்லி ஐகோர்ட்டுக்கு போய், அப்படிப்பட்ட சேனல்களை நீக்கச்சொல்லி 2020 மே மாதம் உத்தரவு வாங்கியது. ஒன்றை மூடினால் இன்னொன்று முளைக்கிறது. அனுப்புகிறவர் உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். சலூன் புத்தகத்தை இருபது பேர் படித்தாலும் ஒரு புத்தகத்துக்கான காசாவது போய்ச் சேர்ந்தது. இதில் ஒரே ஒரு பிரதியை ஆயிரக்கணக்கில் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

மூடியவை, திரும்பியவை

1947-ல் தொடங்கிய அம்புலிமாமா 2013 வாக்கில் நின்றுபோனது. விக்ரமாதித்தனும் வேதாளமும் மரத்தோடு போய்விட்டார்கள். 1984-ல் ஆரம்பித்த ராணி காமிக்ஸ் 2005-ல் முடிந்தது. 1941-ல் தொடங்கிய கல்கி, 2020 ஊரடங்கில் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. மங்கையர் மலரும் அதே வழி.

அமெரிக்காவில் நியூஸ்வீக் என்ற பெரிய வார இதழ் 2012 டிசம்பரோடு அச்சுக்கு முழுக்கு போட்டது. அது 2014-ல் மறுபடியும் அச்சுக்கு வந்தது. விலையை கூட்டி, வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் அடித்தால் கட்டுப்படியாகும் என்று கணக்கு போட்டார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு, சிவகாசியில் இருக்கிறது அந்தக் கணக்கு. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸ், 1984-ல் வந்த லயன் காமிக்ஸ் இரண்டும் இன்னும் அச்சில் வருகின்றன. பெட்டிக்கடையில் கிடைக்காது. வாசகர்கள் முன்கூட்டியே சந்தா கட்டுகிறார்கள். புத்தகக் கண்காட்சியிலும், ஆன்லைனிலும் விற்பனை. ரிட்டர்ன் தொல்லை அநேகமாக இல்லை. அன்றைக்கு பள்ளிக்கூடத்து பைக்குள் ஒளித்து படித்த பையன்கள் இன்றைக்கு சம்பளக்காரர்கள் என்பதும் ஒரு காரணம்.

நம் பள்ளத்தாக்கில் எது நிற்கும் என்பதற்கு இது ஒரு துப்பு. பொழுதுபோக்குக்காக வாங்கிய புத்தகத்தின் இடத்தை போன் பிடித்துவிட்டது. திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டிய புத்தகத்தை அவ்வளவு சுலபமாக பிடிக்க முடியவில்லை. 2007-ல் வந்த பசுமை விகடன் மாதிரி விவசாய இதழை திராட்சை, வாழை விவசாயி கிழிக்காமல் அடுக்கி வைக்கிறார். எந்தப் பூச்சிக்கு எந்தக் கரைசல், எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு என்பதை தோட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். மலைத்தோட்டத்தில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிற பிள்ளைகள் பொது அறிவு மாத இதழை பென்சிலால் கோடு போட்டுத்தான் படிக்கிறார்கள்.

தேனியில் இருந்தே ஒரு இணைய இதழ்

திரை என்றால் சென்னைக்காரன், அமெரிக்காக்காரன் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். பட்டன் போன் காலத்திலேயே, 2006-ல், தேனியில் இருந்து `முத்துக்கமலம்' என்ற இணைய இதழை எழுத்தாளர் தேனி மு.சுப்பிரமணி தொடங்கினார். கதை, கவிதை, கட்டுரை என்று வந்த அது பிறகு ஆய்வுக் கட்டுரைகளுக்கும் இடம் கொடுத்தது. கட்டு இல்லை, பஸ் இல்லை, ரிட்டர்ன் இல்லை. தேனியில் போட்டது சிங்கப்பூரில் அதே நிமிஷம் தெரியும். அச்சுப் பத்திரிகை பக்கமே போக முடியாத சின்ன ஊர் ஆட்களுக்கு எழுத ஒரு இடம் கிடைத்தது.

ஆனால் திரைக்கும் ஒரு பலவீனம் உண்டு. 2025 பிப்ரவரியில் பிரதமர் பற்றிய ஒரு கார்ட்டூன் விகடன் பிளஸ் இணைய இதழில் வந்தது. விகடன் இணையதளமே முடங்கியது. சென்னை ஐகோர்ட்டு மார்ச் 6-ந் தேதி, அந்தக் கார்ட்டூனை தற்காலிகமாக எடுத்துவிட்டு தளத்தை திறக்கச் சொன்னது. ஒரு படத்துக்காக மொத்த தளமும் மூன்று வாரம் போல திறக்காமல் கிடந்தது. ஏற்கனவே அச்சாகி கூடலூர் சலூன் வரைக்கும் வந்துவிட்ட புத்தகத்தை அப்படி ஒரே அடியில் மறைக்க முடியாது.

காசு இல்லாமல் படிக்க

கடை போன ஊரில் புத்தகத்துக்கு எங்கே போவது? பலருக்கு மறந்தே போன இடம் கிளை நூலகம். 1948-ம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி, வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நம்மிடமே வாங்குகிறார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால் தனி வரியாக போட்டிருக்கும். அந்தப் பணத்தில்தான் பேப்பரும் வார, மாத இதழும் வாங்கி மேஜையில் போடுகிறார்கள். உட்கார்ந்து படிக்க கட்டணம் கிடையாது, உறுப்பினராகவும் இருக்க வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போக மட்டும்தான் சந்தா. வேண்டிய இதழ் வரவில்லை என்றால் நூலகரிடம் எழுதிக் கொடுக்கலாம். நாலு பேர் கேட்டால்தான் மேலே சொல்ல அவருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

கூலி வேலைக்கு போகிறவர்கள் சாயந்தரம் போனால் பேப்பரும் புத்தகமும் ஓரளவு கசங்கித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை லீவு.