பாட்டி கேட்க மறுத்த நிருபங்கள்

கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மனின் பாட்டி நான்சி ஆம்ப்ரோஸ், அடிமையாகப் பிறந்து, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் தர்மன்தான் அவருக்கு பைபிள் வாசித்துக் காட்டுவார். சங்கீதம் கேட்பார், ஏசாயா கேட்பார், சுவிசேஷங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பார். பவுலின் நிருபங்கள் மட்டும் கூடாது. அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்துக்கு மட்டும் எப்போதாவது அனுமதி உண்டு.

கல்லூரியில் படித்த நாட்களில் தர்மன் துணிந்து காரணம் கேட்டார். அடிமைக் காலத்தில் முதலாளி அழைத்துவரும் வெள்ளைக்காரப் போதகர், அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பவுலின் வசனத்தையே ஆண்டுக்குச் சில முறையாவது எடுத்துப் பிரசங்கிப்பாராம். அடிமையாக இருப்பதே கடவுள் சித்தம் என்பாராம். என்றைக்காவது விடுதலை கிடைத்து, படிக்கவும் கற்றுக்கொண்டால், அந்தப் பகுதியை மட்டும் வாசிக்கவே மாட்டேன் என்று பாட்டி அன்றே கடவுளிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கறுப்பின மக்களின் வேத விளக்கம் பல்கலைக்கழகங்களில் ஒரு துறையாக வளர்ந்தது பின்னாளில்தான். அதன் வேர் இந்தப் பாட்டியின் மறுப்பில் இருக்கிறது. இப்படி வாசிப்பதை ஒருதலைப்பட்சம் என்று சொல்லும் அறிஞர்கள் இன்றும் உண்டு. அந்தத் தோட்டத்துப் போதகர் மட்டும் நடுநிலையோடா வாசித்தார்?

1807-இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. பிரிட்டனின் ஆட்சியிலிருந்த மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காகவே தொகுத்தது. வழக்கமான புராட்டஸ்டண்ட் பைபிளில் 1,189 அதிகாரங்கள், இதில் 232தான். எகிப்திலிருந்து இஸ்ரவேலர் வெளியேறும் கதை இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடில்லை எனச் சொல்லும் கலாத்தியர் வசனம் இல்லை. வேலைக்காரர் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் வசனம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மோசேயின் கதை அடிமையின் காதில் எப்படி ஒலிக்கும் என்று தொகுத்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அப்படியும் அந்தக் கதையை அடக்க முடியவில்லை. அமெரிக்காவில் அடிமைகளைத் தப்பவைத்து வடக்கே கூட்டிச்சென்ற ஹாரியட் டப்மனை மக்கள் 'மோசே' என்றே அழைத்தார்கள்.

தர்மன் 1935-இல் ஒரு நல்லெண்ணக் குழுவுக்குத் தலைமையேற்று இந்தியா, பர்மா, இலங்கைக்கு வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும் ஒருவர் அவரைத் தனியே மடக்கினார். உங்கள் முன்னோரைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், அதற்கு வேதத்தைச் சாட்சி காட்டியவர்கள் போதகர்கள். அந்த மதத்தின் பேரால் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி தர்மனை விடவில்லை. 1949-இல் வெளிவந்த 'இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டோரும்' என்ற அவருடைய நூலில் அதற்கான பதில் இருக்கிறது. இயேசு ஓர் ஏழை யூதர், ரோம் கைப்பற்றிய நாட்டில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வாழ்ந்தவர். பவுலோ ரோமக் குடிமகன். ஆபத்து வந்தால் ரோமப் பேரரசனான இராயனிடம் முறையிட அவருக்கு உரிமை இருந்தது. பாட்டி தவிர்த்த நிருபங்களுக்கும் விரும்பிய சுவிசேஷங்களுக்கும் இடையே இருந்த தூரம் பேரனுக்கு இப்படித்தான் விளங்கியது.

கறுப்பின இறையியல் அதற்குப் பிறகு, எகிப்திலிருந்து வெளியேறும் கதையைச் சொல்லும் யாத்திராகமத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டது. ஜேம்ஸ் கோன் போன்றோரின் எழுத்தில் கடவுள் என்றால் விடுவிப்பவர். டெலோரஸ் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண் அறிஞர் அங்கே ஒரு கேள்வி எழுப்பினார். 1993-இல் வந்த அவருடைய நூல் ஆகாரைப் பற்றியது. ஆகார், சாராயின் எகிப்திய அடிமை. பிள்ளை பெற்றுக்கொடுப்பதற்காக ஆபிராமிடம் ஒப்படைக்கப்பட்டவள். அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கொடுமை தாங்காமல் ஓடிப்போனவளிடம், திரும்பிப்போய் நாச்சியாருக்கு அடங்கியிரு என்கிறான் தேவதூதன். பிற்பாடு அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்துப் பிள்ளையோடு அவளைத் துரத்துகிறார்கள். தண்ணீர் தீர்ந்ததும் பிள்ளையைச் செடியின்கீழ் விட்டு, அவன் சாவதைக் காணச் சகியாமல் தள்ளிப்போய் உட்காருகிறாள். அப்போது கடவுள் அவள் கண்களைத் திறக்க, ஒரு கிணறு தெரிகிறது.

முதலாளியின் இச்சைக்கு இரையாகி, முதலாளியின் பிள்ளைகளுக்குப் பாலூட்டி, சொந்தப் பிள்ளைகளைச் சந்தையில் இழந்த பெண்களின் பேத்திமாருக்கு இது எந்தக் காலத்துக் கதை? கடவுள் இங்கே ஆகாரை விடுவிக்கவில்லை, பிழைக்க வழிதான் காட்டினார் என்று வில்லியம்ஸ் பூசி மெழுகாமல் எழுதினார். விடுதலையை மட்டுமே பேசிய ஆண்களின் இறையியலில் இந்தப் பெண்ணுக்கு இடமில்லாமல் போயிருந்தது. வில்லியம்ஸின் நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

யாத்திராகமத்தை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்த்தார்கள். அமெரிக்கப் பழங்குடிகளில் ஓசேஜ் இனத்தைச் சேர்ந்த ராபர்ட் வாரியர், 1989-இல் ஒரு கட்டுரை எழுதினார். எகிப்தை விட்டுக் கிளம்பியவர்கள் போய்ச் சேர்ந்த கானானில் ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். அவர்களை அழிக்கச் சொல்லும் கட்டளையும் அதே வேதத்தில் இருக்கிறது. நிலத்தைப் பறிகொடுத்த பழங்குடிக்குத் தன் முகம் தெரிவது மோசேயிடம் அல்ல, கானானியரிடம்தான் என்றார். ஆதியாகமத்தில் நோவாவின் சாபம் விழுந்ததும், இந்தக் கானானியரின் மூதாதையாகச் சொல்லப்படும் காமின் மகன் கானான்மீதுதான். நிறம் பற்றி ஒரு சொல்கூட இல்லாத அந்தச் சாபத்தைக் காட்டித்தான் ஆப்பிரிக்கர்களை அடிமைப்படுத்தியதை நியாயப்படுத்தினார்கள்.

கானானியரை வாசிப்பின் நடுவில் வைக்க வேண்டும் என்பது வாரியரின் கோரிக்கை. விடுதலை இறையியலாளர்களுக்கே அது கசந்தது. யாத்திராகமத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் செங்கடலைக் கடந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். யோர்தானைத் தாண்டி யோசுவாவின் புத்தகத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.