சிறகுக்குள் ஒளித்த வாள்!

கடல் இல்லை, கடற்படைத் தளபதி இருந்தார்! மன்னன் இல்லை, மன்னன் பெயரால் ஆள்பவர் இருந்தார்! இருவரும் ஒருவரே! 1920 மார்ச் முதல் நாள் ஹங்கேரியின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ஹோர்த்தியைத்தான் சொல்கிறோம். கடற்கரை போயிற்று, கப்பல் போயிற்று; தளபதிப் பட்டம் மட்டும் போகவில்லை! அந்த நாட்டு மக்களுக்குத் தலைக்கு மேலே இருந்த வானமாவது மிஞ்சியதா? அதுவும் இல்லை!

வானத்துக்கு வேலி போட முடியுமா என்று கேட்பீர்கள். போட்டார்கள்! முதல் உலகப் போரிலே வென்றவர்கள், வெர்சேல்ஸ் நகரத்து டிரையனான் மாளிகையில், 1920 ஜூன் 4-ஆம் நாள் ஒரு தாளை நீட்டினார்கள். தோற்ற ஹங்கேரி கையெழுத்திட்டது. நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போயிற்று. இராணுவ விமானமே கூடாது என்றது அந்தத் தாள். இருக்கும் விமானங்களையும் எஞ்சின்களையும் ஒப்படைத்துவிடு என்றது. வென்ற நாட்டு விமானங்கள் உன் வானத்தில் விருப்பம்போல் பறக்கும், உன் மண்ணில் விருப்பம்போல் இறங்கும், 1923 ஜனவரி முதல் நாள் வரையில் நீ வாய் திறக்கக் கூடாது என்றது. சர்வதேச சங்கத்தில் அதற்கு முன்பே இடம் கிடைத்தால்தான் விலக்கு!

எங்கோ நடு ஐரோப்பாவில் ஓடிய விமானங்களின் கதை நமக்கு எதற்கு என்போர் இருக்கலாம். விமானம் என்பது விஞ்ஞானம் தந்த வாகனம். அதில் யாரை ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று முடிவு செய்வது அரசியல். அந்த அரசியலைத்தான் பார்க்கப் போகிறோம்.

பறக்கத் தெரியாத மக்களா அவர்கள்? 1910 ஜூன் திங்களிலேயே, புடாபெஸ்டை அடுத்த ராக்கோஷ்மெசோ திடலில் பல நாட்டு விமானிகளைக் கூட்டிப் பந்தயம் நடத்தியவர்கள்! 1918 ஜூலையில், போர் முடியுமுன்பே, வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் இடையே விமானத் தபால் தொடங்கியவர்கள்! அதற்கெனப் புதுத் தபால்தலை அடிக்க நேரமில்லை. பழைய தலைகளின் மேலேயே 'பறக்கும் தபால்' என்று பொருள்படும் சொற்களை அச்சிட்டு ஒட்டினார்கள். விபத்துகள் நேர்ந்தன, அந்தத் தபால் நீடிக்கவில்லை. ஆனால் ஆசை நின்றதா? நிற்கவில்லை!

அப்படிப்பட்டவர்களின் தலைக்கு மேலே, ஒப்பந்தத்துக்குப் பிறகு பறந்தது யாருடைய விமானம்? பிரெஞ்சு-ருமேனியக் கம்பெனியின் விமானம்! 1920-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி, பாரிசிலிருந்து பிராக், வியன்னா, புடாபெஸ்ட், புக்கரெஸ்ட் என ஒவ்வொரு நகராகத் தன் வழியை நீட்டி, 1922-இல் கான்ஸ்டாண்டிநோபிள் வரை சென்றுவிட்டது. வென்றவர் பறந்தனர், தோற்றவர் அண்ணாந்து பார்த்தனர். வீட்டுக்காரன் திண்ணையில், விருந்தாளி கூடத்தில்!

1922 செப்டம்பர் 18-ஆம் நாள் சர்வதேச சங்கத்தில் ஹங்கேரிக்கு இடம் கிடைத்தது. கட்டு தளர்ந்தது. இரண்டே மாதம்! நவம்பர் 19-ஆம் நாள் 'மாலேர்ட்' என்ற விமானப் போக்குவரத்துக் கம்பெனி பிறந்தது. அடுத்த ஆண்டே புடாபெஸ்டுக்கும் வியன்னாவுக்கும் இடையே அதன் விமானங்கள் பறந்தன. ஹாலந்து நாட்டு ஃபாக்கர் விமானங்கள் அவை. எஞ்சின் ஒன்று, பயணிகள் ஐவர். பயணிகளுக்குச் சிறிய அறை உண்டு. ஓட்டுபவருக்கு அதுவும் கிடையாது! எஞ்சினுக்குப் பக்கத்திலே, திறந்த வெளியிலே, எண்ணெய்ப் புகையும் குளிர்காற்றும் முகத்தில் அறைய அவர் உட்கார்ந்திருப்பார். போர் விமானம் ஓட்டிய கைகளுக்கு, ஐந்து பேரைப் பத்திரமாக அடுத்த ஊரில் இறக்கிவிடும் வேலை கிடைத்தது. கொல்லப் பழகிய கை, காக்கப் பழகிற்று!

இன்னொரு கம்பெனியும் எழுந்தது. அதன் பெயர் ஏரோ எக்ஸ்பிரஸ். ஜெர்மனியின் ஜங்கர்ஸ் விமானங்கள் அதனிடம் இருந்தன. முழுக்க முழுக்க உலோகத்தால் ஆனவை, பயணிகள் நால்வர். ஓடுதளம் வேண்டாம், டான்யூப் ஆறு இருக்கிறதே என்றார்கள்! சக்கரத்தை எடுத்துவிட்டு மிதவைகளைப் பொருத்தினார்கள். நகரின் நடுவே, கெல்லர்ட் சதுக்கத்தருகே, ஆற்று நீரைக் கிழித்துக்கொண்டு விமானம் எழும்பும். அதே ஆற்றின் கரையிலுள்ள வியன்னாவை நோக்கிப் பறக்கும்! படகு போலப் புறப்பட்டுப் பறவை போல எழும் அந்தக் காட்சியைக் காணக் கரையிலே கூட்டம் கூடியதில் வியப்பென்ன!

ஆனால் காட்சி வேறு, கணக்கு வேறு. நால்வரும் ஐவரும் கொடுக்கும் கட்டணத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றி, ஓட்டுபவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் சம்பளம் கொடுத்து மீளுவது எப்படி? நாட்டு நாணயமே நொறுங்கிக் கிடந்த காலம் அது. 1924-இல் சர்வதேச சங்கத்தின் ஏற்பாட்டில் கடன் வாங்கி மூச்சு விட்டது ஹங்கேரி. 1927-இல் 12,500 பழைய கொரோனாவுக்கு ஒரு புதிய பெங்கோ என்று மாற்ற வேண்டிய நிலை! ஏரோ எக்ஸ்பிரஸ் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மறைந்தது. அரசாங்கப் பணம் பெற்ற மாலேர்ட் நின்றது.

அரசாங்கப் பணம் என்றால் என்ன? உழவன் கொடுத்த வரி! தொழிலாளி கொடுத்த வரி! விமானத்தின் படிக்கட்டில் ஒருநாளும் கால் வைக்கப் போகாதவன் கொடுத்த வரி! கொடுத்தது தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஒரு நாட்டுக்குச் சொந்தச் சிறகு தேவை. தபால் பறக்க வேண்டும், மருந்து பறக்க வேண்டும், தொழில் வளர வேண்டும், இளைஞன் எஞ்சினின் இரகசியம் கற்க வேண்டும். அதற்காக ஏழை கொடுத்த பணம், அதற்காகவே செலவாயிற்றா? அதுதான் கேள்வி.

பணம் வாங்கிய பிரபுக்களின் நெஞ்சில் இருந்தது வேறு. ஒப்பந்தத்தின் கண்ணை மறைத்து ஒரு விமானப்படையைக் கட்டுவது அவர்கள் திட்டம். விமான அலுவலகம் வாணிப அமைச்சின் கீழ் என்று வெளியே பலகை. உள்ளே படைக்கு ஆள் பழக்கும் வேலை! வெளியே தபால், உள்ளே தளவாடம். வெளியே பயணி, உள்ளே படைவீரன். 1938 ஆகஸ்டில் பிளெட் நகரில் அண்டை நாடுகளோடு உடன்பாடு ஆகும் வரையில் இந்த முகமூடி கழற்றப்படவில்லை.

ஒப்பந்தம் அநீதியானது என்றால் ஏமாற்றுவதில் என்ன தவறு என்பார்கள். அநீதிதான். இலட்சக்கணக்கான ஹங்கேரியர் ஒரே இரவில் அயலார் ஆட்சியின் கீழ் ஆனது அநீதிதான். ஆனால் பாரிசுக்குப் போய் அந்த அநீதியை எதிர்த்து வாதாடியவர் யார்? அப்போனி பிரபு! 1907-இல் கல்வி அமைச்சராக இருந்து, ஸ்லோவாக்கியக் குழந்தைக்கும் ருமேனியக் குழந்தைக்கும் பள்ளியிலே ஹங்கேரிய மொழியைத் திணிக்கும் சட்டம் கொண்டுவந்த அதே அப்போனி! அடுத்தவன் நாக்கைக் கட்டியவர், தன் சிறகு வெட்டப்பட்டபோது நீதி கேட்டார். நீதி எல்லோருக்கும் உரியது, ஐயமில்லை. ஆனால் அதைக் கேட்கும் வாய்க்கும் ஒரு தகுதி வேண்டாமா?

மக்களின் துயரம் மெய்யானது. அதை மூலதனமாக்கியவர்களின் நோக்கமோ பழைய பண்ணையை மீட்பது! 1931 ஜூலையில் எண்ட்ரெஸ் என்ற விமானியும் மாஜர் என்ற துணைவரும் அட்லாண்டிக் கடலைத் தாண்டினார்கள். விமானத்தின் பெயரே 'ஹங்கேரிக்கு நீதி'! அமெரிக்காவில் குடியேறிய ஹங்கேரியர் கைப்பணம் கொடுத்தார்கள்; ஆங்கிலப் பத்திரிகை முதலாளி ராதர்மியர் பிரபு 10,000 டாலர் பரிசு அறிவித்தார். புடாபெஸ்டை எட்டச் சில மைல் இருக்கையில் எரிபொருள் தீர்ந்து பிச்கே ஊரருகே வயலில் இறங்கினர். நாடே கொண்டாடிற்று. அடுத்த ஆண்டு மே திங்களில் அதே விமானத்தில் ரோமாபுரி சென்ற எண்ட்ரெஸ், இறங்கும் வேளையில் விழுந்து மாண்டார். வீரம் அவருடையது, விளம்பரம் பிறருடையது!

1937 ஜூனில் புடாவர்ஷ் விமான நிலையம் திறந்தார்கள். போர்பிரோ, கிராலிக் என்ற இரு கட்டடக் கலைஞர்களின் படைப்பு. வட்ட வடிவக் கூடமும் கண்ணாடியுமாக, புதுமைக்குப் பெயர் சொல்லும் கட்டடம். ஜங்கர்ஸின் மூன்று எஞ்சின் விமானங்களும், இத்தாலியின் சவோயா-மார்க்கெட்டி விமானங்களும் மாலேர்டின் சொத்தாயின. பதினைந்து ஆண்டில் ஐந்து இருக்கையிலிருந்து எவ்வளவு வளர்ச்சி!

அந்த வளர்ச்சி எங்கே போய் முடிந்தது? 1940 டிசம்பரில் யுகோஸ்லாவியாவோடு 'நிலையான நட்பு' ஒப்பந்தம் செய்தது ஹங்கேரி. நான்கே மாதம்! ஹிட்லர் கூப்பிட்டார், ஹோர்த்தி இசைந்தார். மானம் தாங்காத பிரதமர் டெலெகி 1941 ஏப்ரல் 3-ஆம் நாள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ஏப்ரல் 12-ஆம் நாள், யுகோஸ்லாவிய மண்ணில் குதிக்கவேண்டிய பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு, வெஸ்பிரெம் தளத்திலிருந்து ஒரு விமானம் எழும்பிற்று. எழும்பிய உடனே விழுந்தது. வீரர்கள் பலர் மாண்டனர். எது அந்த விமானம்? பயணிகளுக்கென்று வாங்கிய அந்தச் சவோயா-மார்க்கெட்டி இனம்! இருக்கையில் வணிகனும் மாணவனும் உட்கார வேண்டிய இடத்தில், சாவுக்குச் சீட்டெடுத்த இளைஞர்கள்!

பிறகு நடந்ததை விரிப்பானேன்? புடாபெஸ்ட் முற்றுகை 1945 பிப்ரவரி 13 வரை நீண்டது. மிதவை விமானங்கள் இறங்கிய டான்யூபில், தகர்ந்த பாலங்கள் கிடந்தன. மாலேர்ட் போருடன் மாண்டது. 1946-இல் சோவியத் பங்குடன் புதுக் கம்பெனி. 1954-இல் அது ஹங்கேரியின் சொந்த 'மாலேவ்' ஆயிற்று. அதுவும் கடன் சுமையால் 2012 பிப்ரவரி 3-ஆம் நாள் நின்றது. புடாவர்ஷ் கட்டடம் மட்டும் இன்றும் நிற்கிறது, நடந்ததற்குச் சாட்சியாக!

வெளியார் வெட்டிய சிறகு இரண்டாண்டில் முளைத்தது; விமானியின் துணிவும் தொழிலாளியின் திறமையும் முளைக்க வைத்தன. உள்ளூர்ப் பிரபுக்கள் அந்தச் சிறகுக்குள் வாளை ஒளித்தார்கள். அதன் பாரம் தாங்காமல் பறவையே விழுந்தது. ஆகவே, நாட்டுக்குச் சிறகு வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும், தோழர்களே, கொடுங்கள்! கொடுக்கும்போதே, பறக்கப் போவது யார், எதற்காக என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்!