கதை கேட்கும் நாய்!

வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னாலே சிலருக்கு வியர்த்துக் கொட்டும். ஒரு வார்த்தை தடுமாறினால் போதும். பின் பெஞ்சிலிருந்து, 'களுக்'கென்று சிரிப்பு! அதற்குப் பின் அந்த மாணவர் வாயே திறக்க மாட்டார். பள்ளிக்கூடமே கசந்து போகும். இவர்களைப் பேச வைக்க யாரால் முடியும்? நாயால் முடியும் குட்டீஸ்!

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், போரிஸ் லெவின்சன் என்ற குழந்தைகள் மனநல நிபுணர் இருந்தார். அவரது நாயின் பெயர் ஜிங்கிள்ஸ். யாரிடமும் ஒட்டாத சிறுவன் ஒருவனை, குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டார் அவன் அம்மா. அறையில் இருந்த ஜிங்கிள்ஸ் ஓடிப்போய் அவனை நக்கியது. பயந்து அலறுவான் என்று பார்த்தால், நாயைத் தடவிக் கொடுத்தான்! மீண்டும் மீண்டும் வந்து அதனுடன் விளையாடினான். மெல்ல மெல்ல லெவின்சனிடமும் பழகினான். 1962ல் இதுபற்றி அவர் கட்டுரை எழுதினார்.

சால்ட் லேக் சிட்டி என்ற அமெரிக்க நகரில், 1999ல் 'ரீட்' என்ற திட்டம் தொடங்கியது. இதில், நாய்க்குக் கதை வாசித்துக் காட்ட வேண்டும். நாய் சிரிக்காது, தப்பு கண்டுபிடிக்காது, 'சீக்கிரம் படி' என்று அவசரப்படுத்தாது. மாணவர் ஏதாவது வார்த்தையில் திணறினால், நாயை அழைத்து வந்தவர், 'இந்த வார்த்தை இதற்குப் புரியவில்லையாம், சேர்ந்து பார்ப்போமா?' என்பார். வாசிப்பவருக்கு வெட்கமே இருக்காது.

எல்லா நாயும் இந்த வேலைக்கு வந்துவிட முடியாது. சாதுவானதா, ஆரோக்கியமானதா என்று சோதித்த பிறகே அனுமதி.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. நாய்க்குப் பேச்சு வராது. வாலைக் கால்களுக்கு இடையே செருகினால் பயம். முகத்தைத் திருப்பிக் கொண்டால், 'என்னை விட்டுவிடு' என்று அர்த்தம். இதைக் கவனிக்கப் பழகுபவர், பக்கத்தில் இருக்கும் நண்பனின் வாடிய முகத்தையும் கவனிப்பார்.

ஒரு எச்சரிக்கை: முன்பின் தெரியாத நாயைத் தொடாதீர்கள். கடித்தாலோ, பிறாண்டினாலோ உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, டாக்டரிடம் போய் விடுங்கள்.

நாளை உங்கள் வகுப்பில் யாராவது வாசிக்கத் திணறினால், சிரிக்காமல் காது கொடுங்கள். அதற்கு நாய் எதற்கு? நீங்களே போதுமே!