உண்ணும் சோற்றில் உறங்கும் வெயில்

அடுப்பில் விறகு எரிகின்றது, உலை கொதிக்கின்றது, அரிசி சோறாகின்றது. அச்சோற்றை நாம் உண்கின்றோம். உண்ட சோறு உடலினுள்ளே எரிகின்றது என்று கூறினால் நம்மிற் சிலர் நகைக்கவுங் கூடும். புகையில்லை, சுவாலையில்லை, கரியுமில்லை; பின் எங்ஙனம் எரியும்? ஆயினும், மார்கழிக் குளிரிலும் நம் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியசில் நிற்கின்றது. நாம் உறங்கும்போதும் இதயம் துடிக்கின்றது. இவற்றுக்கு வேண்டிய சக்தி எங்கிருந்தோ வந்தாக வேண்டுமன்றோ?

நம் முன்னோர் இதனைச் சடராக்கினி என்றும் வயிற்றுத்தீ என்றும் வழங்கினர். தீ என்ற சொல் பொருத்தமானதே. ஆனால் அத்தீ எரியுமிடம் வயிற்றோடு நின்றுவிடவில்லை. உடலெங்கும் நிறைந்துள்ள நுண்ணிய கலங்களே அதன் அடுப்புகள். அவ்வடுப்புகளுக்கு விறகு சேர்த்துக் கொடுப்பது பச்சிலை. இலைக்கு அதனை வழங்குவது ஞாயிறு. இக்கொடுக்கல் வாங்கல் நடைபெறும் விதத்தையும், அதனை அறிஞர்கள் கண்டறிந்த வரலாற்றையும் இங்கே சிறிது நோக்குவோம்.

மெழுகுதிரியும் புதினாவும்

1771 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே யோசேப்பு பிரீஸ்ட்லி என்னும் சமய போதகர் ஓர் எளிய பரிசோதனை செய்தார். மூடிய கண்ணாடிப் பாத்திரத்தினுள் எரியும் மெழுகுதிரி சிறிது நேரத்தில் அணைந்துவிடும். அக்காற்றில் எலியும் உயிர் வாழாது. அவ்வாறு கெட்ட காற்றினுள் ஒரு புதினாக் கொத்தை வைத்துச் சில நாட்களின் பின் பார்த்தபோது, மெழுகுதிரி மீண்டும் எரிந்தது. எலியும் உயிர் வாழ்ந்தது. செடி காற்றைத் திருத்திவிட்டது! ஆயினும் இப்பரிசோதனை சிலருக்குச் சித்தித்தது, சிலருக்குச் சித்திக்கவில்லை.

காரணத்தை 1779 இல் வெளிப்படுத்தியவர் ஒல்லாந்து தேசத்து வைத்தியரான யான் இங்கன்ஹவுசு. ஒரே கோடைகாலத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பரிசோதனைகளைச் செய்த அவர், செடி காற்றைத் திருத்துவது வெளிச்சத்தில் மட்டுமே என்றும், அத்தொழிலைச் செய்வன பச்சைப் பாகங்களே என்றும் நிறுவினார். இருளிலே செடியும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கின்றது என்பதையும் அவர் கண்டார். உண்மையில் செடி பகலிலும் சுவாசிக்கின்றது. வெளிச்சத்தில் நிகழும் ஒளித்தொகுப்பு அதனை விஞ்சி நிற்பதால் அது நமக்குப் புலப்படுவதில்லை.

இரவில் மரத்தடியில் உறங்கலாகாது என்று பெரியோர் சொல்வதற்கு இதனையே காரணங் காட்டுவோர் உளர். ஆனால் ஒரு செடி இரவில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு மிகச் சொற்பம். அருகே துயிலும் ஒரு மனிதர் வெளிவிடுவது அதனிலும் பன்மடங்கு. மரத்தடியில் உறங்குபவர் பாம்புக்கும் முறிந்துவிழும் கிளைக்கும் அஞ்சலாம்; மரத்தின் மூச்சுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

பனிக்கட்டி நடுவே ஒரு பிராணி

பிரான்சு தேசத்திலே இலவோசியே என்னும் இரசாயன அறிஞர், தம் நண்பர் இலாப்பிலாசுடன் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் ஒரு கினிப்பன்றியை இருத்தினார். அதன் உடற்சூட்டினால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகின்றது, அது எவ்வளவு காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது என இரண்டையும் அளந்தார். பின்னர் அதேயளவு காபனீரொட்சைட்டு உண்டாகும் வரை மரக்கரியை எரித்து, அவ்வெப்பத்தையும் அளந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தன. சுவாசம் என்பது மெதுவாக நிகழும் ஓர் எரிதலே என்று அவர்கள் 1783 இல் அறிவித்தனர். முன்பு வரி வசூலிக்கும் நிறுவனமொன்றிற் பங்காளியாக இருந்த காரணத்தால், பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆந் திகதி இலவோசியேயின் சிரசு கொய்யப்பட்டது. அவர் ஏற்றிவைத்த விளக்கு அணையவில்லை.

கப்பல் வைத்தியர் கண்ட குருதி

1840 ஆம் ஆண்டில் யூலியசு இறொபேட்டு மேயர் என்னும் இளம் செர்மன் வைத்தியர், ஒல்லாந்தர் கப்பலொன்றில் சாவகத் தீவுக்குச் சென்றார். அக்கால வழக்கப்படி நோயுற்ற மாலுமிகளின் நாளத்தைக் கீறிக் குருதி வடித்தபோது அவர் திடுக்குற்றார். நாளத்துக் குருதி கருஞ்சிவப்பாக இருத்தல் வேண்டும். இதுவோ, நாடியைத் தவறிக் கீறிவிட்டோமோ என அவர் ஐயுறும் வண்ணம் பளிச்சென்று சிவந்திருந்தது. வெப்ப நாட்டிலே உடலைச் சூடாக வைத்திருக்கக் குறைந்த எரிபொருளே போதும். ஆதலாற் குருதியிலுள்ள ஒட்சிசன் குறைவாகச் செலவாகின்றது என அவர் எண்ணினார். அவ்வெண்ணம் வளர்ந்து, சக்தி அழிவதில்லை, உருமாற மட்டுமே செய்யும் என்னும் பெரும் விதியாக 1842 இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளின் பின், ஓடி மறையும் ஒளியைப் பிடித்துத் தம்முள்ளே சேமிப்பவை தாவரங்களே என்பதையும் அவர் எடுத்துரைத்தார்.

இலையின் தொழில்

இலையின் கலங்களினுள்ளே பச்சையவுருமணிகள் என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. அவற்றிலுள்ள பச்சையம் வெயிலிலுள்ள சிவப்பொளியையும் நீலவொளியையும் பெரிதும் உறிஞ்சுகின்றது. பச்சையொளி மீண்டு நம் கண்ணை அடைவதனாலேயே இலை பசுமையாகத் தோன்றுகின்றது. உறிஞ்சிய ஒளியின் வலிமையால் நீர் பிளக்கப்படுகின்றது. நீரின் ஒட்சிசன் காற்றிற் கலக்கின்றது. எஞ்சியது, காற்றிலிருந்து பெற்ற காபனீரொட்சைட்டை வெல்லமாக்கப் பயன்படுகின்றது. 6 காபன் அணுக்களும், 12 ஐதரசன் அணுக்களும், 6 ஒட்சிசன் அணுக்களும் கொண்ட குளுக்கோசு ஒன்றில், வெயிலின் ஒரு துளி பூட்டி வைக்கப்பட்டுள்ளது எனலாம். நெல்மணியிலுள்ள மாப்பொருள் இத்தகைய குளுக்கோசு அலகுகள் கோத்த மாலையாகும்.

நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்து வருகின்றதென்று பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அது நீரிலிருந்தே வருகின்றது என்பதற்கு, பாரமான ஒட்சிசன் அணுக்களைக் கொண்டு 1941 இல் அமெரிக்காவிலே சான்று காட்டினர் சாமுவேல் உறூபனும் மாட்டின் கேமனும். கதிர்வீசும் காபன்-14 ஐ 1940 இற் கண்டுபிடித்தவர்களும் அவர்களே. உறூபன் 1943 இல், போர்க்கால ஆராய்ச்சியில் நச்சுவாயு விபத்துக்கு ஆளாகி, 29 ஆம் வயதிலேயே மாண்டார். அவர் விட்டுச்சென்ற காபன்-14 ஐக் கருவியாகக் கொண்டே மெல்வின் கல்வினும் அவருடைய தோழர்களும் காபன் வெல்லமாகும் வழியைப் படிப்படியாகக் கண்டறிந்தனர். கல்வினுக்கு 1961 இல் நோபல் பரிசு கிடைத்தது.

கலத்தின் அடுப்பு

விறகு எரியும்போது அதன் சக்தி ஒருங்கே வெளிப்பட்டு வெப்பமாகி வீணாகின்றது. கலம் அவ்வாறு செய்யின் வெந்து மடியும். ஆகவே அது குளுக்கோசைப் பல படிகளில், நொதியங்களின் துணையோடு, சிறிது சிறிதாகச் சிதைக்கின்றது. பொற்காசைக் கொடுத்து ஒரு வாய் வெற்றிலை வாங்க முடியுமோ? முதலிற் சில்லறையாக மாற்ற வேண்டுமன்றோ? கலம் வழங்கும் சில்லறைக்கு அடினோசின் முப்பொசுபேற்று என்று பெயர், சுருக்கமாக ஏ.ரி.பி. என்பர். இது 1929 இற் கண்டுபிடிக்கப்பட்டது. தசை சுருங்குதல், நரம்பு செய்தி கடத்தல், புதுக்கலம் உண்டாதல் முதலியவற்றுக்கெல்லாம் செலவாவது பெரும்பாலும் இந்நாணயமே. எந்நேரத்திலும் நம்முடலில் இருக்கும் ஏ.ரி.பி. சொற்பமே; ஆயினும் அது ஓயாது செலவாகி ஓயாது புதுப்பிக்கப்படுவதால், ஒருநாளிற் புழங்குவதைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய நம் உடலெடைக்கு நிகராகும்.

இச்சில்லறை பெரும்பாலும் அச்சாவது இழைமணி என்னும் நுண்ணுறுப்பிலே. ஈரற் கலமொன்றில் இவை ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். இங்கு நிகழும் வட்டமான தாக்கத் தொடரைக் கண்டறிந்தவர் ஆன்சு கிரெப்சு. யூதராகப் பிறந்தமையால் 1933 இல் செர்மனியிலே பதவி இழந்து இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தவர் அவர். 1937 இல் அவர் எழுதியனுப்பிய குறிப்பைப் புகழ்பெற்ற விஞ்ஞான இதழாகிய "நேச்சர்" இடமின்மையைக் காட்டித் திருப்பியனுப்பியது. 1953 இல் அதே கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. முதன்முயற்சி நிராகரிக்கப்பட்டதென்று சோரும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

கடைசிப் படி யாவற்றிலும் வியப்பானது. உணவிலிருந்து பிரிந்த இலத்திரன்கள் இழைமணியின் உள்மென்சவ்வு வழியே கைமாறிச் செல்கின்றன. அச்சக்தியால் ஐதரசன் அயன்கள் மென்சவ்வின் ஒருபுறத்தே, குளக்கட்டின் பின்னே நீர் தேங்குவது போலச் சேர்க்கப்படுகின்றன. மதகு வழியே அவை மீண்டும் பாயும்போது ஒரு நுண்சில்லு சுழன்று ஏ.ரி.பி.யை ஆக்குகின்றது. இலக்சபானவில் நீரின் பாய்ச்சலால் மின்சாரம் பிறப்பதும் இவ்வகையே. இக்கருத்தைப் பீற்றர் மிற்செல் 1961 இல் வெளியிட்டபோது ஏற்போர் சிலரே. 1978 இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இலையின் பச்சையவுருமணியிலும் இதே முறையே ஏ.ரி.பி.யை ஆக்குகின்றது என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது. வெயிலைப் பூட்டும் இலையிலும் அதைத் திறக்கும் நம் உடலிலும் இயற்கை ஒரே பொறியை அமைத்திருக்கின்றது.

ஒரு குளுக்கோசிலிருந்து இவ்வாறு ஏறக்குறைய 30 ஏ.ரி.பி. கிடைக்கின்றது. பழைய பாடநூல்களிற் காணப்படும் 38 என்னும் தொகையை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. எஞ்சிய சக்தி வெப்பமாகி நம் உடலைச் சூடாக வைத்திருக்கின்றது.

ஒட்சிசன் இல்லாதவிடத்து

ஒட்சிசன் இல்லாதபோது குளுக்கோசு அரைகுறையாகவே சிதைகின்றது. கிடைப்பது 2 ஏ.ரி.பி. மட்டுமே. முட்டியிலே சேரும் பனஞ்சாற்றில் மதுவம் என்னும் நுண்ணுயிர் இவ்வழியிலேயே வாழ்கின்றது. அது வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவதால், சாறு நுரைத்துக் கள்ளாகின்றது. முட்டியினுட் சுண்ணாம்பு தடவினால் மதுவம் தழைப்பதில்லை. இனிய கருப்பநீர் கிடைக்கின்றது. அப்ப மாவைப் பொங்கச் செய்வதும் அதே மதுவமும் அதே வாயுவுமே.

தாய்மார் அறிய வேண்டியது

இவையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம் மட்டுமல்ல. உயிரைக் காக்கும் அறிவுமாகும். மரவள்ளிக்கிழங்குடன் இஞ்சியைச் சேர்த்து உண்ணலாகாது என்று வீட்டில் எச்சரிப்பதுண்டு. பழி இஞ்சியின்மேல் விழுந்தாலும் நஞ்சின் மூலம் கிழங்கினுள்ளேயே இருக்கின்றது. கிழங்கு வெட்டுப்படும்போதோ நசியும்போதோ அதிலிருந்து ஐதரசன் சயனைட்டு வெளிப்படுகின்றது. சயனைட்டு, இழைமணியிலே இலத்திரன்களை ஒட்சிசனிடம் ஒப்படைக்கும் கடைசி நொதியத்தை முடக்கிவிடுகின்றது. மூச்சு நடைபெறும், குருதியில் ஒட்சிசன் நிறைந்திருக்கும், ஆயினும் கலம் அதைப் பயன்படுத்த முடியாது திணறும். நஞ்சுண்டவரின் நாளத்துக் குருதியும் மேயர் கண்டது போலப் பளிச்சென்று சிவந்திருக்கும். இங்கே அது நலத்தின் அறிகுறியன்று. ஆகவே, கசக்கும் கிழங்கையும் பழுதடைந்து நிறம் மாறிய கிழங்கையும் விலக்குக. நல்ல கிழங்கையும் தோலுரித்துத் துண்டாக்கி, நீரில் ஊறவிட்டு, மூடாத பானையில் நிறைந்த நீரிலே நன்றாக அவித்து, அந்நீரை வடித்துவிடுக. பச்சையாக உண்ணப் பிள்ளைகளை ஒருபோதும் விடாதீர்கள்.

பாழ்ங்கிணற்றிலும் ஆழ்ந்த குழியிலும் இத்தகைய ஆபத்துண்டு. அழுகும் சருகையும் சேற்றையும் தின்று வாழும் நுண்ணுயிர்கள் அங்குள்ள ஒட்சிசனைச் செலவழித்துவிடுகின்றன. காற்றிலும் பாரமான காபனீரொட்சைட்டு அடியில் தேங்குகின்றது. இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கச் சென்றவரும் மாளும் கொடுமை அங்ஙனமே நேர்கின்றது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை நம்பி இறங்குதல் தகாது. விளக்கு எரிந்தாலும் வேறு நச்சுவாயு இருக்கலாம். எரியும் வாயுவாயின் வெடிக்கவுங் கூடும். தகுந்த கருவியும் பயிற்சியும் உடையோரை அழைப்பதே முறை.

வரவும் செலவும்

இலை கொடுத்ததை நாம் எரிக்கின்றோம். நாம் வெளிவிட்டதை இலை மீண்டும் ஏற்கின்றது. இக்கணக்கு நெடுங்காலம் ஏறக்குறையச் சமமாகவே நின்றது. நிலக்கரியும் பெற்றோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தாவரங்களும் கடலின் நுண்ணுயிர்களும் சேர்த்துவைத்த பழைய வெயிலாகும். அம்முதுசொத்தை நாம் சில தலைமுறைகளில் எரித்துத் தீர்க்க முற்பட்டதால், தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்கு அளவில் இருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. வரவை மிஞ்சிய செலவு ஒரு குடும்பத்தை எங்ஙனம் வாட்டுமோ, அங்ஙனமே உலகையும் வாட்டும்.

மாணவர்கள் இவ்வுண்மையைத் தம் கண்ணாலேயே காணலாம். சாடிச் செடியொன்றை இரண்டு நாள் இருளில் வைத்து, பின் ஓர் இலையின் நடுப்பாகத்தைக் கருங்கடதாசியால் மறைத்துச் சில மணிநேரம் வெயிலில் விடுக. அவ்விலையைப் பறித்து, ஆசிரியர் மேற்பார்வையில், கொதிநீரில் இட்டெடுத்து, சுவாலையை அணைத்தபின் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்த மதுசாரத்தில் நிறம் நீக்கி, அயடீன் கரைசலை விடுக. வெயில் பட்டவிடம் கருநீலமாகும்; மறைத்தவிடம் அவ்வாறு ஆகாது. அக்கருநீலமே இலை அன்று சேமித்த வெயிலின் அடையாளம். தட்டில் மீந்த சோற்றை வீசுவதற்கு முன் நம் பிள்ளைகள் ஒருகணம் தயங்குவார்களாயின், இப்பரிசோதனை தன் பயனைத் தந்ததாகும்.