அக்கா வழிச் சொந்தம்

2012இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. 1485இல் பாஸ்வொர்த் போரில் வெட்டுப்பட்டு இறந்த மூன்றாம் ரிச்சர்டு மன்னரோ என்று பேச்சு கிளம்பிவிட்டது. இடம், காயங்கள், வளைந்த முதுகு எல்லாம் ஒத்துப்போயின. ஆனால் அடித்துச் சொல்ல இரத்த உறவு ஒருவர் வேண்டுமே? மன்னரின் பட்டத்துப் பிள்ளை சிறுவயதிலேயே போய்விட்டான்.

கைகொடுத்தது அக்கா ஆன் வழி. நம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் உண்டு, மொத்தம் 16,569 எழுத்துகள். கருமுட்டையோடு வருவதால் அது தாயிடமிருந்து மட்டுமே கிடைக்கும். மகனுக்கும் வரும், அவனோடு நின்றுவிடும். மகள் வழியாகத்தான் மேலே போகும். ரிச்சர்டுக்கும் ஆனுக்கும் தாய் செசிலி கொடுத்தது ஒரே வளையம். ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால், ஐந்நூறு வருடம் மண்ணில் கிடந்த பல்லிலும் அது மிஞ்சியிருந்தது.

சோதனைக்கூட வேலையைவிடக் காகித வேலைதான் எனக்குப் பெரிய வியப்பு. ஆண் வழியைத் தேடுவது சுலபம்: பட்டம், நிலம், குடும்பப் பெயர் எல்லாம் சேர்ந்தே நகரும். பெண் வழியில் ஒவ்வொரு தலைமுறையிலும் கல்யாணத்தோடு குடும்பப் பெயர் மாறிவிடுகிறது. உயிலில் ‘என் மனைவி’ என்று மட்டும் இருக்கும். எந்த வீட்டுப் பெண் என்று இருக்காது. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவு, உயில் என்று ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுத்தான் அம்மாவின் அம்மாவை எட்ட முடியும். ஜான் ஆஷ்டவுன்-ஹில் என்ற வரலாற்றாளர் அப்படித்தான் ஆனின் மகளில் தொடங்கிக் கனடாவில் குடியேறிய ஒரு பெண்மணி வரை வந்துசேர்ந்தார். இத்தனைக்கும் அவர் தேடத் தொடங்கியது ரிச்சர்டுக்காக அல்ல. பெல்ஜியத்தில் கிடைத்த சில எலும்புகள் ரிச்சர்டின் இன்னொரு அக்கா மார்கரெட்டுடையவையா என்று பார்க்கத்தான்.

அந்தப் பெண்மணியின் மகன் லண்டனில் மரச்சாமான் செய்பவர். அவருடைய வளையம் எலும்புக்கூட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் கெவின் ஷூரர் ஆவணங்களை மறுபடி சரிபார்த்து, அதே ஆன் வழியில் இன்னொரு கிளையையும் கண்டுபிடித்தார். அந்தக் கிளைப் பெண்ணிடம் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபட்டது. இத்தனை தலைமுறையில் ஓர் எழுத்து மாறுவது சகஜம்.

பொருத்தம் வந்தாலே முடிந்தது என்றில்லை. தாய், மகள், தாயின் தங்கை எல்லோருக்கும் வளையம் ஒன்றே. நம் குடும்பங்களில் மூத்தாள் இறந்ததும் அவள் தங்கையையே கட்டிக்கொண்ட தாத்தாக்கள் எத்தனை பேர்! ‘எங்கள் பாட்டி மூத்தாள் மகளா, இளையாள் மகளா’ என்று கேட்டால் மைட்டோகாண்ட்ரியா கையை விரித்துவிடும். இரு பெற்றோரிடமிருந்தும் வரும் மற்ற குரோமோசோம்களைப் பார்க்கலாம். அங்கேயும் அத்தை மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டியிருந்தால், பகிரும் டி.என்.ஏ. கூடி, தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோலக் காட்டும். அங்கே பழைய பத்திரமும் வீட்டுப் பெரியவரின் ஞாபகமும்தான் வழக்கைத் தீர்க்கும்.

லெஸ்டரில் ஆண் வழியையும் சோதித்தார்கள். ரிச்சர்டின் கொள்ளுத்தாத்தாவின் தந்தை மூன்றாம் எட்வர்டு. அவர் வம்சம் என்று ஏடுகள் சொல்லும், இன்று வாழும் ஐந்து ஆண்களிடம், தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமை எடுத்துப் பார்த்தால், ஒருவருடையதுகூட ரிச்சர்டுடையதோடு பொருந்தவில்லை. போதாததற்கு அந்த ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் சேரவில்லை. எங்கேயோ ஏட்டில் எழுதிய அப்பா வேறு, பெற்ற அப்பா வேறு. கேடயமும் கொடியும் வைத்துக் காத்த வழியில் ஓட்டை; பெயர்கூடத் தங்காத வழி முழுசாக நின்றது. ஆவணம், எலும்பு, டி.என்.ஏ. எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, இது ரிச்சர்டுதான் என்பதற்கு 99.999 சதவீத வாய்ப்பு என்று 2014 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

2015 மார்ச்சில் லெஸ்டர் பேராலயத்தில் மன்னரை மறுபடி அடக்கம் செய்தார்கள். ஓக் மரத்தில் சவப்பெட்டியைச் செய்துகொடுத்தவர் அந்த மரச்சாமான்காரர்தான். அவரும் ஆண் என்பதால், செசிலியின் வளையம் அவரைத் தாண்டிப் போகாது.